தூண்டில் நரம்பு ஏன் சிக்கு விழுகிறது, விழாமல் எறிவது எப்படி

தூண்டில் எறியப் பழகுகிற எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வரும். தூரத்தில் மீன் துள்ளுகிறது, கை பரபரக்கிறது, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு வீசு வீசுகிறோம். லூர் (மீனை ஏமாற்றக் கட்டும் செயற்கை இரை) பாதி தூரம்கூடப் போகாமல், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி நடுவானில் நின்று தொப்பென்று விழுகிறது. குனிந்து பார்த்தால் ராடின் (தூண்டில் கம்பின்) முதல் வளையத்தில் நரம்பு ஒரு பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த அரை மணி நேரம் மீன் பிடிப்பதில்லை, சிக்கு எடுப்பதுதான்.

நைலான், தங்கூசி, லைன் என்று ஆளுக்கொரு பேர் சொல்வார்கள், நான் நரம்பு என்றே எழுதுகிறேன்.

சிக்கு விழுந்ததும் நாம் பழி போடுவது இரண்டு பேர் மேல். ஒன்று காற்று, இன்னொன்று ரீல், அதாவது நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி. நானும் அப்படித்தான் ஒரு ரீலை மாற்றி, அதற்குப் பிறகு இன்னொன்றையும் மாற்றிப் பார்த்தேன். புது ரீலிலும் அதே பந்து. பிறகுதான் புரிந்தது, இந்த எறிதலில் வெளியே வந்த சிக்கு இந்த எறிதலில் உண்டானதே இல்லை, இதற்கு முந்தைய முறை நரம்பைச் சுற்றி எடுத்தேன் பாருங்கள், அப்போதே ரீலுக்குள் உட்கார்ந்துவிட்டது. எறிந்தபோது அது வெளியே வந்தது, அவ்வளவுதான். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் விழும் சிக்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அதனால் எறியும் கையை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் போதாது, லூர் தண்ணீரைத் தொட்ட பிறகு வரும் இரண்டு விநாடிகளையும் திருத்த வேண்டும்.

இது ஏன் என்று புரிய, ரீல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் கண்டு, சுற்றாது. அசையாமல் நிற்கும் ஸ்பூலின் முன்விளிம்பைத் தாண்டி, சுருள் சுருளாக நரம்பு தானே நழுவி ஓடும். தையல் நூல்கண்டை மேசைமேல் நிமிர்த்தி வைத்து நூலின் நுனியை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள், கண்டு அப்படியே நிற்க நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று வரும். இந்த யோசனையே நூல் ஆலையிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நெசவுத் தொழில் நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், ஆலையில் நூல் உருளையிலிருந்து நூல் கழன்று வருவதைக் கவனித்துத்தான் 1905இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு இருந்தவை பெரும்பாலும் ஸ்பூலே சுற்றும் ரீல்கள், லேசான தூண்டிலை அவற்றில் தூரம் எறிவது பெரும்பாடு.

சரி, இப்போது அந்தக் கண்டில் நூலை இறுக்கமாகச் சுற்றியிருக்கிறீர்கள், ஆனால் நடுவில் ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று ஒரு சுற்று விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறுக்கமான சுற்றுகள் ஏறிவிட்டன. இப்போது வேகமாக இழுத்தால் என்ன ஆகும்? மேலே உள்ள சுற்று கழலும்போது, அடியில் தளர்ந்து கிடக்கும் சுற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். ஒரு சுற்று வர வேண்டிய நேரத்தில் மூன்று நான்கு சுற்று மொத்தமாகக் கிளம்பும். அந்தக் கொத்து முதல் வளையத்துக்குள் நுழையப் பார்க்கும், நுழைய முடியாமல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டும், முன்னால் பறக்கிற லூர் அதை இறுக்கி முடிச்சாக்கிவிடும். நம் பந்து தயார்.

ஆக, எதிரி தொய்வு. நரம்பு தொய்வாக ஸ்பூலில் ஏறக் கூடாது. மீதி எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான்.

லூர் விழுந்த பிறகு

இதையே முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதை மாற்றினாலே சிக்கு கண்ணுக்குத் தெரியக் குறையும்.

லூர் பறக்கும்போது நரம்பு அதன் பின்னால் கம்பி மாதிரி நேராகப் போவதில்லை. காற்றில் வில்லாக வளைந்து, விழும்போது தண்ணீர்மேல் நெளிநெளியாகப் படுக்கும். போதாததற்கு லூர் தண்ணீரைத் தொட்டு நின்ற பிறகும் ஸ்பூலிலிருந்து கொஞ்சம் நரம்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதுதான் நம் தொய்வு. இந்த நிலையில் நாம் என்ன செய்கிறோம்? அவசர அவசரமாகக் கைப்பிடியைச் சுற்றுகிறோம். கைப்பிடியைச் சுற்றினால் பெயில் கம்பி (எறியும்போது திறந்து, சுற்றும்போது மூடி வைக்கும் வளைந்த கம்பி) 'டக்' என்று தானாக மூடிக்கொள்ளும், ரீல் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. மூடியதும் முதல் நான்கைந்து சுற்று முழுக்கத் தொய்வான நரம்புதான் ஏறுகிறது. சில சமயம் பெயில் கம்பியின் ஓரத்தில் நரம்பு ஓடும் சிறிய உருளைமேல் நரம்பு சரியாக உட்காராமல், ஸ்பூலின் முன்னால் இருக்கும் டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை வழுக்கி விடும் பிரேக்) திருகைச் சுற்றியோ ஸ்பூலுக்குப் பின்னால் நழுவியோ போய்விடுவதும் உண்டு.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். லூர் தண்ணீரைத் தொடப்போகும் நேரத்தில் ஆள்காட்டி விரலை ஸ்பூலின் விளிம்பில் மெல்ல வையுங்கள். ஓடுகிற நரம்பு விரலில் பட்டுப் பட்டுப் போகும், வேகம் குறையும், லூருக்கும் உங்களுக்கும் நடுவில் நரம்பு நேராகும். லூர் விழுந்ததும் விரலை நன்றாக அழுத்தி நிறுத்திவிடுங்கள். அடுத்து, பெயில் கம்பியை இன்னொரு கையால் மூடுங்கள். கையால்! கைப்பிடியால் அல்ல. மூடிய பிறகு, ரீலுக்கு முன்னால் உள்ள நரம்பை விரல்களால் பிடித்து ஒரு இழுப்பு இழுங்கள், அல்லது நரம்பு விறைக்கும்வரை ராடைத் தூக்குங்கள். நரம்பு விறைத்து நிற்பது தெரிந்ததும் சுற்ற ஆரம்பிக்கலாம்.

படிக்கும்போது பெரிய சடங்கு மாதிரி தெரியும். பழகினால் ஒரு மூச்சு விடும் நேரம். முதல் நாள் பத்தில் மூன்று தடவை மறந்துபோய்க் கைப்பிடியைச் சுற்றிவிடுவீர்கள், பரவாயில்லை.

சுற்றும்போதும் ஒரு கண் வேண்டும். லேசான லூரைக் கட்டி, வெட்டி வெட்டி இழுத்து விளையாட்டுக் காட்டும் முறையில் ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் நரம்பு தளரும், அந்தத் தளர்ச்சி அப்படியே ஸ்பூலில் ஏறும். இப்படிப் பிடிக்கிறவர்கள் நாலைந்து எறிதலுக்கு ஒரு முறை, ரீலுக்கு முன்னால் நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்துக்கொண்டு சுற்றி எடுக்க வேண்டும். ஈரத்துணியை மடித்துப் பிடித்தால் பிரெய்டு (மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு) விரலை அறுக்காது.

அப்புறம், எறிவதற்கு முன்னால் ஸ்பூலை ஒரு பார்வை பாருங்கள். ஏதாவது ஒரு வளையம் தனியாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா? நின்றால் எறியாதீர்கள். 'ஒன்றும் ஆகாது, போய்விடும்' என்று தோன்றும், போகாது. பெயிலைத் திறந்து, அந்த வளையம் கழன்று வரும்வரை நரம்பைக் கையால் இழுத்து எடுங்கள், பிறகு விரலால் பிடித்து இறுக்கமாகத் திருப்பிச் சுற்றுங்கள். ராடின் நுனியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். நுனி வளையத்தில் நரம்பு ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் வேகமாக எறிந்தால் லூர் அறுந்து பறக்கும், ராடின் நுனி ஒடிந்தாலும் ஒடியும்.

எறிதல்

பலம் வேண்டாம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஏன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். லூரை எறிவது உங்கள் கை இல்லை, வளைந்து நிமிரும் ராடு. கையின் வேலை ராடை வளைப்பது மட்டும்தான். திடீரென்று வெடுக்கென்று அடித்தால் ராடு வளைய நேரமே கிடைக்காது, வளைந்தாலும் உதறிக்கொண்டு நிமிரும், அந்த உதறல் நரம்பில் அலையாக ஓடும். மெல்லத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்துங்கள். அப்படி நிறுத்தும் இடத்தில்தான் ராடு நிமிர்ந்து லூரை அனுப்புகிறது.

கணக்குக்கு ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம். இடது பக்கம் பார்த்து நிற்கிறீர்கள், தலைக்கு நேர் மேலே 12, கண்ணுக்கு நேர் முன்னால் 9. ராடைப் பின்னால் 1 அல்லது 2 வரை கொண்டுபோய், முன்னால் வரும்போது 11க்கும் 10க்கும் நடுவில் விரலிலிருந்து நரம்பை விடுங்கள். அதற்கு முன்பே விட்டால் லூர் வானத்தைப் பார்த்துப் போகும், தாமதமாக விட்டால் காலடியில் விழும். காலடியில் விழுவதைப் பார்த்துப் பயந்து, புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். வானத்துக்குப் போன லூர் மெல்ல இறங்கும், அது இறங்கி முடிப்பதற்குள் காற்று நரம்பைப் பக்கவாட்டில் ஊதி ஒரு பெரிய வில் போட்டிருக்கும். திரும்பவும் தொய்வு!

பிடியைப் பற்றிச் சுருக்கமாக. ரீலின் தண்டு நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் வரட்டும். கைப்பிடியைத் திருப்பி, நரம்பு ஓடும் உருளை ராடுக்குப் பக்கத்தில், உங்கள் ஆள்காட்டி விரல் எட்டும் இடத்தில் வந்து நிற்கும்படி வையுங்கள். நரம்பை விரல்நுனியில் கொக்கி போட்ட மாதிரி எடுத்துக்கொண்டு பெயிலைத் திறங்கள். லூர் ராடு நுனியிலிருந்து 30 முதல் 50 செ.மீ. தொங்கட்டும். நுனியை ஒட்டியே தொங்கினால் ராடு சரியாக வளையாது, ரொம்ப நீளமாக விட்டால் ஊசலாடி ராடையே சுற்றிக்கொள்ளும்.

லூர் பறக்கத் தொடங்கியதும் ராடை அப்படியே அந்தத் திசையைக் காட்டியபடி வைத்திருங்கள், லூர் இறங்க இறங்க நுனியும் இறங்கட்டும். நரம்பு வளையங்களில் உரசாமல் ஓடும்.

எடைப் பொருத்தத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ராடின் பிடிக்கு மேலே '10–30 g' (கிராம்) என்கிற மாதிரி சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது அந்த ராடு எறியத் தோதான எடை. அதில் 4 கிராம் லூரைக் கட்டி எறிந்தால் ராடு வளையவே வளையாது, நாம் பலத்தைக் கூட்டுவோம், லூருக்கு நரம்பை இழுத்து நேராக்கும் கனம் இருக்காது, மறுபடியும் நெளிநெளியாக விழும். பழகும் காலத்தில் அச்சிட்டிருக்கும் எடைக்கு நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கை சீக்கிரம் படியும்.

காற்று அடிக்கும் நாளில் உயரமாக எறியாதீர்கள். பக்கவாட்டில் தாழ்வாக வீசுங்கள், எறிந்து முடித்ததும் ராடு நுனியைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோங்கள். ஈரமான நரம்பு தண்ணீரோடு ஒட்டிப் படுக்கும், காற்று அதைத் தூக்குவது கஷ்டம்.

முறுக்கு

தொய்வு ஒரு எதிரி என்றால் அதன் பங்காளி முறுக்கு. நரம்பை ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு கையிலும் பிடித்து, கைகளை மெல்ல அருகருகே கொண்டுவாருங்கள். நல்ல நரம்பு சும்மா U போலத் தொங்கும். முறுக்கேறிய நரம்பு நடுவில் தானாகச் சுழன்று கயிறு மாதிரி பின்னிக்கொள்ளும். அப்படிப் பின்னினால் நீங்கள் எவ்வளவு அழகாக எறிந்தாலும் சிக்குத்தான், ஏனென்றால் கொஞ்சம் தளர்ந்தாலே அது தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறது.

முறுக்கு எங்கிருந்து வருகிறது? ஸ்பின்னிங் ரீல் ஒவ்வொரு சுற்றிலும் நரம்புக்கு ஒரு முறுக்கு கொடுத்துத்தான் ஸ்பூலில் ஏற்றுகிறது. ஆனால் எறியும்போது நரம்பு விளிம்பைத் தாண்டிக் கழன்று போவதால் அந்த முறுக்கு திரும்பப் பிரிந்துவிடும். வரவும் செலவும் சரி. கணக்கு உதைப்பது பெரிய மீன் மாட்டும்போதுதான். மீன் இழுக்கிறது, டிராக் வழுக்கி 'ர்ர்ர்' என்று சத்தம் போடுகிறது, நாமும் பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். நரம்பு ஒரு அங்குலம்கூட உள்ளே வரவில்லை, ஆனால் ரீலின் சுழலும் பகுதி சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு நரம்புக்குள் போகிறது. உங்கள் ரீலின் பல்சக்கர விகிதம் 5:1 என்றால் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் 5 முறுக்கு, பத்து முறை சுற்றினால் 50. ஒரே ஒரு மீன், ஒரு நிமிடப் பதற்றம், அன்றைக்கு முழுதும் சிக்கு. டிராக் சத்தம் போடும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். மீன் நின்றதும் ராடை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

இன்னொரு வழி, லூரே சுழல்வது. தகடு சுழலும் ஸ்பின்னர் வகைகள் முறுக்கேற்றுவதில் பேர்போனவை. கொக்கியில் கோணலாகக் கோத்த இரையும் இழுக்கும்போது விசிறி மாதிரி சுற்றும். லூருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு ஸ்விவல் (இரு முனையும் தனித்தனியாகச் சுழலும் சிறிய உலோக இணைப்பு) போட்டால் பெரும்பாலான முறுக்கு அங்கேயே நின்றுவிடும், உள்ளே குண்டு வைத்த வகை இன்னும் நன்றாகச் சுழலும். இரையைக் கோத்ததும் கரையோரமாக ஒரு முறை இழுத்துப் பார்த்து, சுற்றினால் திருப்பிக் கோத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி ரொம்ப அநியாயம். தண்ணீர்ப் பக்கம் போவதற்கு முன்பே, புது நரம்பை ரீலில் ஏற்றும்போதே முறுக்கையும் சேர்த்து ஏற்றிவிடுகிறோம். நரம்புச் சுருளைத் தரையில் படுக்க வைத்து, விரலால் பிடித்து இறுக்கியபடி 15–20 சுற்று ஏற்றிவிட்டு, நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். பின்னிக்கொண்டால் சுருளை மறுபக்கம் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தொடருங்கள். இவ்வளவுதான் வேலை, ஆனால் இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் சிக்கோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே முறுக்கேறிவிட்ட நரம்பைக் காப்பாற்றலாம். நுனியில் இருக்கும் லூர், ஸ்விவல், ஈயம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, வெறும் நரம்பை ஓடுகிற தண்ணீரில் நீளமாக விடுங்கள், அல்லது படகுக்குப் பின்னால் இழுத்துச் செல்லுங்கள். சில நிமிடங்களில் நுனி தானாகச் சுழன்று முறுக்கைக் கக்கிவிடும். பிறகு விரலால் பிடித்து இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நரம்பின் ரகமும் அளவும்

ஸ்பூலை விளிம்புவரை நிரப்பினால் தூரம் போகும் என்று நினைப்பு. போகும், சிக்கோடு. விளிம்புக்கு 2–3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சுற்றுகள் தாமாகவே சரியும், ரொம்பக் குறைவாக இருந்தால் நரம்பு விளிம்பில் உரசித் தூரம் குறையும், தூரம் குறைந்தால் நாம் பலத்தைக் கூட்டுவோம், பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும்.

மோனோவுக்கு, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்புக்கு, ஞாபகசக்தி அதிகம். சிறிய ஸ்பூலில் நாள்கணக்கில் கிடந்தால் அந்த வட்டத்தையே நினைவில் வைத்துக்கொண்டு, வெளியே வந்த பிறகும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். தடிமன் கூடக் கூட இது மோசமாகும். 2500 அளவுள்ள சிறிய ரீலில் 0.40 மி.மீ. மோனோவை ஏற்றிவிட்டு ரீலைத் திட்டுவதில் நியாயமில்லை, அதற்கு 0.25 பக்கம் போதும். ஃப்ளூரோகார்பன் நரம்பு இன்னும் விறைப்பு, புதிதாகப் பழகுபவர் அதை ஸ்பூல் முழுக்க ஏற்றாமல் நுனித்துண்டாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் கிடந்த மோனோவாக இருந்தால், போனதும் முதலில் 20, 30 மீட்டர் இழுத்து, ஒரு மரத்தில் கட்டியோ நண்பர் கையில் கொடுத்தோ நிதானமாக நீட்டிப் பிடியுங்கள். சுருள் கணிசமாகக் குறையும்.

பிரெய்டு இதற்கு நேர்மாறு. அதே வலுவுள்ள மோனோவில் பாதித் தடிமன்தான் இருக்கும், சுருளும் பிடிக்காது, துணிநூல் மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த மென்மைதான் ஆபத்து. தளர்ந்தால் எங்கே வேண்டுமானாலும் மடிந்து நுழையும், முடிச்சு விழுந்தால் ஊசிமுனை அளவுக்கு இறுகும். கண் பழகாதவர்களுக்கு அவிழ்க்கவே முடியாது. என்னைக் கேட்டால் முதல் சில மாதம் மோனோவில் பழகிவிட்டு, கையால் பெயில் மூடுவது தானாக வரத் தொடங்கிய பிறகு பிரெய்டுக்குப் போகலாம். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், அடியில் சில சுற்று மோனோ போட்டு அதன்மேல் ஏற்றுங்கள்.

ஸ்பூலே சுற்றும் ரீல் வைத்திருப்பவர்களுக்கு

இந்த வகை ரீலான பெயிட்காஸ்டரின் கதை வேறு. இங்கே சிக்கு போன தடவையிலிருந்து வருவதில்லை, உங்கள் கண் முன்னாலேயே ஒரு விநாடியில் உண்டாகும். குருவிக்கூடு என்று இதைச் சொல்வது வெறும் உவமை இல்லை, பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

எறியும்போது லூர் ஸ்பூலை இழுத்துச் சுழல வைக்கிறது. எறிந்த அந்தக் கணத்தில் லூருக்கு வேகம் அதிகம், ஸ்பூலும் உச்ச வேகத்துக்குப் போய்விடும். அப்புறம் காற்று லூரைத் தடுக்கும், லூரின் வேகம் குறைந்துகொண்டே போகும். ஸ்பூலுக்கு அந்தச் செய்தி தெரியாது. அது பழைய வேகத்திலேயே சுற்றி நரம்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும், முன்னால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, தள்ளிய நரம்பெல்லாம் ஸ்பூலுக்கு மேலேயே பொங்கி நிற்கும். லூர் தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் ஸ்பூல் சுற்றினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஸ்பூலுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல ஒருவர் வேண்டும். அது உங்கள் கட்டைவிரல். ரீலில் இருக்கும் பிரேக்குகள் அதற்கு உதவியாளர்கள். கைப்பிடிப் பக்கம் உள்ள சிறிய திருகு ஸ்பூலின் அச்சை அழுத்துகிறது. லூரைக் கட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள். லூர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிட வேண்டும், நிற்காமல் சுற்றினால் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், சோம்பல் படாதீர்கள். மறுபக்கத்தில் காந்த பிரேக்கோ, சுழற்சி வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு உரசும் சிறிய கட்டைகளோ இருக்கும். தொடக்கத்தில் அதை முழுவதுக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு, கை படியப் படியக் குறைக்கலாம். தூரம் வரவில்லையே என்று முதல் நாளே குறைக்கப் போனால் அன்று மாலை முழுக்கக் கூடு பிரிக்க வேண்டியதுதான்.

கட்டைவிரல் ஸ்பூலை அழுத்த வேண்டியதில்லை, இறகு தொட்ட மாதிரி பட்டுக்கொண்டே இருந்தால் போதும். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் மட்டும் முழுதாக அழுத்தி நிறுத்துங்கள். லூரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால்தான் அந்தக் கணம் தெரியும். பழக 15–20 கிராம் எடை, 0.30–0.35 மி.மீ. மோனோ, எதிர்க்காற்று இல்லாத இடம். லேசான லூரை எதிர்க்காற்றில் எறிவது பெயிட்காஸ்டரில் பழகியவர்களுக்கே திண்டாட்டம்.

ஒரு சின்னத் தந்திரம் உண்டு. உங்களால் எறிய முடிந்த தூரத்துக்கு எறிந்துவிட்டு, அதற்கு மேல் ஐந்தாறு மீட்டர் நரம்பைக் கையால் இழுத்து, ஸ்பூலில் மிச்சம் உள்ள நரம்பின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். எவ்வளவு பெரிய கூடு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது.

விழுந்த சிக்கை எடுப்பது

பெயிட்காஸ்டர் கூடுகளில் பாதிக்கு மேல் கூடே இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வளையங்கள்தான். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டு, டிராக்கை இறுக்கி, கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு நரம்பை இழுத்தால் பெரும்பாலும் சரசரவென்று வந்துவிடும். எங்கேயாவது தட்டினால் திரும்ப அழுத்தி, திரும்பச் சுற்றி, திரும்ப இழுங்கள்.

ஸ்பின்னிங் ரீலின் பந்துக்கு வேறு வைத்தியம். முதல் விதி, நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். கை தானாக அதைத்தான் செய்யப் போகும், அடக்குங்கள். இறுகாத வரைக்கும் அது முடிச்சு இல்லை, வெறும் வளையங்கள். லூரைக் கழற்றிவிட்டு, பந்தை வெளியிலிருந்து உள்ளே பார்த்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், பூ மலர்கிற மாதிரி அது பெரிதாக வேண்டும். பெரிதானதும் எந்த வளையம் மற்றவற்றைக் கட்டிப் பிடித்திருக்கிறது என்று தெரியும், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை மட்டும் விடுவித்தால் மீதி தானே உதிரும். பிரெய்டாக இருந்தால் கையில் ஒரு மழுங்கிய ஊசி இருப்பது நல்லது.

ஐந்து நிமிடத்தில் அசையவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். முடிச்சு இறுகிய இடத்தில் நரம்பு வலுவிழந்திருக்கும், நைலானில் மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த இடம் போயே போச்சு. அதைக் காப்பாற்றி வைத்து, நல்ல மீன் மாட்டும்போது அறுத்துக்கொள்வதில் என்ன லாபம்? வெட்டிய நரம்பைக் கரையில் போடாமல் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். நைலான் மக்காது, பறவைகளின் காலில் சுற்றினால் அவற்றால் அவிழ்க்கவும் முடியாது.

பழகுவதற்குத் தண்ணீர் தேவையில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு 15 கிராம் எடையை மட்டும் கட்டிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத புல்வெளியில் இருபது மீட்டர் தூரத்தில் ஒரு வாளியை வையுங்கள். வாளியில் விழுகிறதா என்று பார்ப்பதைவிட, ஒவ்வொரு முறை எடை தரையைத் தொட்டதும் உங்கள் இரண்டு கையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று ஸ்பூல் விளிம்பில், இன்னொன்று பெயில் கம்பியில் இருந்தால் அடுத்த விடுமுறைக்குத் தண்ணீர்ப் பக்கம் கிளம்பலாம்.